பாக்கி

உங்கள் போனை ஒரே ஒரு நாள், வீட்டில் இருக்கும் யாரிடமாவது கொடுக்கச் சொன்னால் கொடுப்பீர்களா? 'ஓ, தாராளமா!' என்பவர்கள் கை தூக்கலாம். நானும் தூக்கினேன். மாட்டிக்கொண்ட கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

2022-ல் வந்த 'லவ் டுடே' இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு சக்கைப்போடு போட்டது. 'ஆப்(பா) லாக்' என்று தான் எடுத்திருந்த குறும்படத்தையே பெரிதாக்கி, பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்த படம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு வரும் காதலனிடம் பெண்ணின் அப்பா சத்யராஜ் நிபந்தனை போடுகிறார்: இருவரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், குட்டு உடைகிறது.

போனில் இருப்பதைப் பொதுவில் போட்டு உடைக்கும் யோசனை உலகச் சந்தையில் நன்றாக விலைபோன சரக்கு. 2016-ல் வந்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில் ஏழு நண்பர்கள் சாப்பாட்டு மேஜையில் போன்களை வைத்து, வருவதையெல்லாம் எல்லோருக்கும் தெரிய வைப்பார்கள். அதிக முறை ரீமேக் ஆன படம் என்று 2019-ல் கின்னஸில் இடம்பிடித்தது. அப்போதே 18 ரீமேக்!

போன மாதம் 'லவ் டுடே'யை வீட்டில் மறுபடி பார்த்தோம். இப்போதும் சிரிப்பு வருகிறது. யோகி பாபு போனைக் காட்ட மறுக்கும் காரணம் தெரியவருகிற இடத்தில் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அவர் ஒளித்து வைத்தது கள்ளத்தனத்தை அல்ல, தன் உருவத்தை மற்றவர்கள் கேலி செய்ததை. படத்தின் சிறந்த காட்சி அதுதான்.

ஆனால் ஒரு குறை. படத்தில் எல்லோரும் போனை மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் கீழே வைப்பதில்லை! முன்பு தன் போனைப் பார்த்தவன் இப்போது அவள் போனைப் பார்க்கிறான், இன்னும் மும்முரமாக. போனில் ரகசியம் இருப்பதுதான் பிரச்னை என்று படம் நம்புகிறது. அதனால் 'நம்பிக்கை வை' என்று தீர்ப்புச் சொல்லி முடிக்கிறது. நட்ட மாங்கொட்டையைத் தினமும் தோண்டிப் பார்க்காதே என்பது படத்தின் நீதி. நல்ல நீதிதான். தண்ணீர் ஊற்றுவது யார் சார்?

நான் பி.காம். எதையும் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். ரகசியம் என்பது பொய்க்கணக்கு. ஆடிட்டர் வந்தால் சிக்கும். பெரும்பாலான வீடுகளில் பொய்க்கணக்கெல்லாம் இல்லை. பாக்கிதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தும் கொடுக்காத நேரம், 'ம்... ம்...' என்று காதில் வாங்காமல் தலையாட்டிய பேச்சு. இதை எந்தக் கதாநாயகனும் அடுத்தவர் போனில் கண்டுபிடிப்பதில்லை.

என் மகள் கண்டுபிடித்தாள்.

படம் முடிந்ததும், "அப்பா, நாமளும் மாத்திக்கலாமா?" என்றாள். மடியில் கனமில்லை, கொடுத்தேன். பத்து நிமிடம் குடைந்தாள். ஒரு ரகசியமும் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பதினொண்ணு இருக்கு. ஒண்ணுகூட கேக்கலையாப்பா?"

கேட்டால் நீலமாக மாறும் அந்தக் குட்டி மைக், பதினொன்றிலும் பச்சையாகவே இருந்தது. பாட்டிக்கு வாய்ஸ் அனுப்பச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்றில் அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டிருப்பதாகச் சொன்னாள். இன்னொன்றில் குக்கர் விசில் மட்டும், தெரியாமல் அழுத்தியிருப்பாள். கடைசியில், "ஒண்ணும் இல்லடா, சும்மாதான்" என்று ஒன்று.

அந்தச் சனிக்கிழமையே கும்பகோணம் போனேன். போனை உள் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தேன். ஏதோ பேச ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"உன் போன் அடிக்கிற மாதிரி இருக்கு. போய்ப் பாருடா."

அடிக்கவே இல்லை.