இருபத்து நான்கில் ஒன்று

மோட்டார் கார்களைச் சிறிய அளவில் கட்டி, வர்ணம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றி, நாவல் எழுதுகிறவன் எதற்காக எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அதைப் பார்க்கிறவர்கள் சொல்லும் விமரிசனம். "அடடா, அப்படியே இருக்கிறதே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாவலைப் படித்துவிட்டும் பலர் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அப்படியே என்றால் எப்படி? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பொம்மை வேறு, மாதிரி வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஒரு செங்கல் துண்டு போதும். வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு அதையே காராக ஓட்டிவிடும். கற்பனை முழுவதும் ஓட்டுகிறவனுடையது. மாதிரி செய்கிறவன் அப்படி ஓட்டுவதில்லை. நூறு, இருநூறு பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய பெட்டியை வாங்குகிறான். ஒவ்வொன்றையும் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்து, வாரக்கணக்கில் உழைக்கிறான். இருபத்து நான்கில் ஒன்று என்றால் அசலில் இருபத்து நான்கு அங்குலம் இருப்பது இங்கே ஒரு அங்குலம். நாற்பத்து மூன்றில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று வேறு கணக்குகளும் உண்டு. நம்முடைய அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். இருபத்து நான்கில் ஒன்றாக்கினால் பதினெட்டு சென்டிமீட்டர். ஒரு பேனாவைவிடக் கொஞ்சம் நீளம்.

இந்தக் கலையின் பூர்வோத்தரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கிலாந்தில் டிங்கி கார்கள் அந்தப் பெயரோடு 1934ல் வந்தன. அவை உலோகத்தில் வார்த்த முழு வண்டிகள். வாங்கி அப்படியே உருட்டலாம். அவற்றின் பழைய அச்சுக்கள் சில 1960களில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து, எஸ். குமார் கம்பெனியாரின் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களாயின. ஆனால் கட்டிச் சேர்க்கும் மாதிரிகளின் கதை வேறு. ஏர்பிக்ஸ் கம்பெனி 1949ல் செய்த பெர்குசன் டிராக்டர், முதலில் அந்த டிராக்டரை விற்கும் பிரதிநிதிகள் கையில் வைத்துக் காட்டுவதற்காகத் தயாரானது. அமெரிக்காவில் ஏ.எம்.டி. கம்பெனி 1958ல் கார் மாதிரிகளைக் கட்டும் பெட்டிகளாக விற்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் அது கார் வியாபாரிகளுக்காகவே சின்னஞ்சிறு கார்கள் செய்து கொடுத்துவந்தது. புது வருஷத்துக் காரின் வர்ணமும் வடிவும் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஆகவே இந்தப் பொழுதுபோக்கு விற்கிறவனுடைய மேஜையில் பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை. விற்கிறவன் காட்டும் காரில் தூசி இருக்காது. அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது எந்த ஊருக்கும் போய் வந்திராது. எழுபது, எண்பது வருஷம் கழிந்த பிறகும், மாதிரி செய்கிறவர்கள் பலரிடம் அந்த விற்பனைக்காரரின் பார்வை மாறாமல் இருப்பதைக் காண்கிறேன். பளபளப்புத்தான் அவர்களுக்குப் பரிபூரணம்.

பளபளப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் இழைத்து இழைத்துக் கண்ணாடி ஆக்கியிருப்பார்கள். மாதிரிக் காருக்கு வர்ணம் போடுகிறவனும் அப்படித்தான்; மெல்லிய பூச்சு, காய்ச்சல், தேய்ப்பு, மறுபடி பூச்சு. பொறுமையில் இரண்டு பேரும் ஒரே ஜாதி. ஆனால் அங்கே சுவர் சுவராகவே இருக்கிறது. வேறொன்றுக்குப் பிரதியாக நிற்கவில்லை. இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. அளவைக் குறைக்கலாம், எல்லாவற்றையும் குறைக்க முடியாது.

உதாரணமாக, உலோகத் துகள் கலந்த வெள்ளி வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் காரில் அந்தத் துகள் கண்ணுக்குப் பொடிப்பொடியாக மின்னும். அதே வர்ணத்தை மாதிரியின்மேல் அடித்தால் துகள் மட்டும் இருபத்து நான்கு மடங்கு பெருத்துவிட்டதாகத் தோன்றும். காருக்குச் ஜரிகைப் புடவை சுற்றியதுபோல் ஆகிவிடும். தகட்டையும் பாருங்கள். அசல் காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். அதை இருபத்து நான்கால் வகுத்தால் எழுதும் காகிதத்தைவிட மெல்லியதாக வரும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லியதாக நிற்காது. அது ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் அம்பாசடரின் தகடு ஒரு அங்குலக் கனம்! யுத்தத்துக்குப் போகிற வண்டிக்குத்தான் அது பொருந்தும். அதனால் கை தேர்ந்தவர்கள் சக்கரத்துக்கு மேலே வளைகிற விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சீவி மெல்லியதாக்குவார்கள். மீதி இடமெல்லாம் தடியாகவே இருக்கும். கண் விளிம்பைப் பார்த்து முழுவதையும் தகடு என்று நம்பிவிடும். ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த விளிம்பைத்தான். செய்தவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இப்படிப் பார்க்கத் தெரியாதவர்கள் எண்ணிக்கையில் இறங்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் ஸ்பார்க் பிளக் ஒயர் எத்தனை, ஸீட் பெல்ட்டின் கொக்கி, கதவின் சாவித் துவாரம், டாஷ் போர்டில் முள் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இப்போது முப்பரிமாண அச்சு எந்திரம் வேறு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத திருகாணியைக்கூட அச்சிட்டுத் தந்துவிடுகிறது. நுணுக்கம் சேரச் சேர உயிர் வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கதாநாயகனின் கைக்கடிகாரம் எந்தக் கம்பெனி, அவன் குடித்த காப்பி எந்தக் கொட்டை என்றெல்லாம் எழுதிவிட்டால் யதார்த்தம் வந்துவிடும் என்று நினைக்கிற நாவலாசிரியரின் நம்பிக்கையும் இதுவே. பத்து நுணுக்கம் சரியாக இருந்து ஒன்று மட்டும் அளவு மீறி இருந்தால், கண் அந்த ஒன்றிலேயே போய் விழும். பிறகு மற்றப் பத்தையும் பார்க்காது.

ஜப்பானிய டாமியா கம்பெனியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1946ல் ஷிஸுவோகா நகரில் மர ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தவர்கள் அவர்கள். 1976ல் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். அந்தச் சமயத்தில் ஷுன்ஸாகு டாமியா ஒரு நிஜமான போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். கழற்றியதைத் திருப்பிப் பூட்டுவதற்குப் போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியிருந்ததாம்! அவர் 2025ல் காலமானார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் மரியாதைதான் தோன்றுகிறது. கழற்றிப் பார்த்ததையெல்லாம் பெட்டிக்குள் போட்டு விற்க முடியாது. எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதற்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அளவுக்கு அடங்காதவற்றில் மிகப் பெரியது ஒன்று பாக்கி இருக்கிறது. அது பாரம்.

திருப்பத்தூரில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, பெட்டி எதுவும் வாங்காமல், சொந்தமாகவே ஓர் அம்பாசடர் கட்டினார். முன்பக்கத்துக் கம்பிப் பல்வரிசை, உருண்டை விளக்குகள், பின்னால் திரண்ட டிக்கி, எல்லாம் துல்லியம். பழைய அம்பாசடர்களைப் பழுது பார்த்தே தலை நரைத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். நானும் கூட இருந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா இதுல இதுவரைக்கும் ஒரு ஆளும் ஏறலை போலிருக்கே?"

"இதுல எப்படிண்ணே ஏறுறது?"

"அது தெரியும்ப்பா. அம்பாசடர்னா பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி நிக்கணும். இது பூனை மாதிரி நாலு காலையும் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது."

இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் கேட்டதில்லை. அம்பாசடரின் பின்பக்கத்தைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பெரியவர் சிறியவர் என்று பார்க்காமல் திணித்துக்கொண்டு போன வண்டி அது. அந்தப் பட்டைகள் தளர்ந்து உட்காராமல் என்ன செய்யும்?

மாதிரியில் ஏன் அது தானாக வருவதில்லை என்பதற்குக் கணக்கே இருக்கிறது. கலிலியோ 1638ல் வெளியிட்ட நூலில் விளக்கிய கணக்கு. நீளம் இருபத்து நான்கில் ஒன்றானால் பரப்பு 576ல் ஒன்றாகும். கனபரிமாணமும் அதனோடு எடையும் 13,824ல் ஒன்றாகும். ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான அம்பாசடர் இந்தக் கணக்கில் சுமார் எண்பது கிராம்தான். ஆனால் ஒரு பொருளின் தாங்கும் சக்தி அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 576ல் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே சிறிய வண்டி தன் எடைக்கு இருபத்து நான்கு மடங்கு பலசாலி ஆகிவிடுகிறது. டயர் பிதுங்காது, ஸ்பிரிங் தளராது. பாரத்தைச் செய்கிறவன்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். டயரின் அடியை ஒரு மயிரிழை தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பின் அச்சை அரை மில்லிமீட்டர் மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். கொஞ்சம் பொய் சொன்னால்தான் வண்டி தரையில் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரியிலும் சுற்றுவட்டாரத்திலும் அய்யனார் கோயில்களில் புரவி எடுப்பு நடக்கும். வேளார்கள் மண்ணால் குதிரை செய்து சுட்டு, வெள்ளையடித்து, வர்ணம் எழுதிவைப்பார்கள். ஊரார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் வைப்பார்கள். எந்தக் குதிரைக்கும் அந்தக் கழுத்து கிடையாது. தூண் போன்ற அந்தக் கால்களும் கிடையாது. அளவு என்று பார்த்தால் அதில் ஒன்றும் தேறாது. இருந்தும் அது நிற்கிற நிலையைப் பார்த்தால் நாலு எட்டு வைத்துவிடுமோ என்று தோன்றுகிறது. காரணம் எளிதானது. உள்ளே கூடாக இருக்கிற மண் உடம்பு, ஈரமாக இருக்கும்போதே தன் கால்களின்மேல் தானே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சூளைக்குப் போகுமுன்பே உட்கார்ந்துவிடும். பாரம் எங்கே இறங்குகிறது என்பது வேளாருடைய விரல்களுக்குத் தெரியும். நம் மாதிரிக்காரரிடம் அளவு இருக்கிறது, பாரம் இல்லை. வேளாரிடம் பாரம் இருக்கிறது, அளவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் நான் அதை நல்ல மாதிரி என்பேன்.

பாரம் என்றதும் சிலர் துருவுக்கும் சேற்றுக்கும் ஓடுகிறார்கள். கதவெல்லாம் ஓட்டை, பானெட்டெல்லாம் துரு என்று கிழட்டு வண்டியாக்கிக் காட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். அதுவும் அலங்காரம்தான்; பளபளப்புக்குப் பதில் துரு, அவ்வளவே. தூசிக்கும் அளவு உண்டு. திருப்பத்தூர்ச் செம்மண்ணை அள்ளித் தூவினால் ஒவ்வொரு மணலும் காரின்மேல் சரளைக் கல்லாகத் தெரியும். சாக்கட்டியை மாவாக இழைத்து, சக்கரத்துக்குப் பின்னால், வாசல் படிக்குக் கீழே, ஓட்டுகிறவர் முழங்கையை வைக்கிற ஜன்னல் ஓரத்தில் என்று தேய்வு விழுகிற இடம் பார்த்துத் தொட வேண்டும். வண்டியை யார் எப்படிப் பழகினார்கள் என்று தெரிந்தவருக்கே அந்த இடங்கள் தெரியும்.

என் கவலையும் இங்கேதான். அம்பாசடரை உத்தரபாராவில் செய்வதை 2014ல் நிறுத்திவிட்டார்கள். பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. அவற்றின் நீள அகலங்கள் எங்கும் போகமாட்டா. கம்பெனிக் காகிதங்களில் இருக்கும், புகைப்படத்திலிருந்தும் அளந்துகொள்ளலாம். ஆனால் எட்டுப் பேர் ஏறியபோது வண்டி எவ்வளவு அமுங்கியது, கதவை எந்த இடத்தில் பிடித்து இழுத்ததால் அங்கே வர்ணம் போயிற்று, முன் ஸீட்டில் எந்தப் பக்கம் பள்ளம் விழுந்தது என்பவை, ஏறி இறங்கிய நம் உடம்புகளிலும் அந்த மெக்கானிக்கைப் போன்றவர்கள் கையிலும்தான் இருக்கின்றன. இவற்றை எந்தப் பெட்டியிலும் போட்டு விற்க முடியாது. நாவலுக்கும் இதே நியாயம்தான். தெருவின் பெயரும் வருஷமும் சரியாக இருந்துவிடலாம். அந்தத் தெருவில் நடந்தவன் தோளில் என்ன சுமந்தான் என்பதை எழுதுகிறவன் தானாகப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருப்பத்தூர் இளைஞர் இப்போது இரண்டாவது அம்பாசடர் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை எஞ்சினுக்குள் ஒயர் போடவில்லை. பானெட்டைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிட்டார். மிச்சமான நேரத்தில் பழைய டாக்ஸி டிரைவர்களைத் தேடிப் போய், பின் ஸீட்டில் எத்தனை பேர் ஏறினால் வண்டி எவ்வளவு இறங்கும் என்று விசாரித்துக் குறித்துக்கொள்கிறார். கண்காட்சியில் பரிசு கொடுப்பவர்கள் பானெட் திறக்கவில்லை என்று மார்க்கைக் குறைக்கலாம். குறைத்தால் குறைக்கட்டும். அந்த வண்டியை முதலில் பார்க்கப் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.