தொன்மை பட்டா ஆகாது

மணலி புதுநகரை ஒட்டி ஓடி எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆற்றின் படுகையில்தான் அதிராம்பாக்கம் இருக்கிறது. அங்கே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் அவ்விடத்தை அகழ்ந்த தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர், அடியில் கிடைத்தவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். நவீன மனிதர் தோன்றியே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. எனவே இந்த மண்ணின் முதல் குடியை எந்த இனமும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் மணலி புதுநகரிலிருந்து மாத்தூர் வரை எல்லோர் கைப்பேசியிலும் பூர்வகுடி, வந்தேறிச் சண்டை ஓயவில்லை.

இந்த விவாதங்களால் நன்மை இல்லாமலில்லை. கீழடியில் 2017இல் அகழாய்வு அதிகாரி மாற்றப்பட்டபோது, பொதுமக்களின் கேள்விகள் விஷயத்தை அடங்கவிடவில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போனது. மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் சொன்னபோது, கரிமக் கணிப்பு என்றால் என்ன என்பது டீக்கடைப் பேச்சானது. ஆய்வை மக்கள் தமதாக்கிக்கொண்டது பெரிய ஆதாயம்.

கோளாறு முடிவுக்கு ஓடும் அவசரத்தில் இருக்கிறது. அதே 2019இல், சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் கிடைத்த ஒரே ஒரு பெண்ணின் தொல்மரபணு ஆய்வு வெளியானது. அதில் யூரேசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. உடனே ஒரு தரப்பு, சிந்துவெளி மொழி தமிழ்தான் என்றது. மறுதரப்பு, ஆரியர் வரவே இல்லை என்றது. எலும்பு எந்த மொழி பேசியது என்று மரபணு சொல்லாது. அதே வாரம் வந்த, 523 பேரின் தொல்மரபணுவை ஆராய்ந்த கட்டுரை, கி.மு. 2000க்குப் பின் புல்வெளிக் கலப்பு தெற்காசியாவுக்குள் வந்ததைக் காட்டியது. அதை வசதியாக ஒதுக்கியவர்கள் உண்டு. இந்த அவசரம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1930களில் துருக்கி அரசே உலக மொழிகளெல்லாம் துருக்கியிலிருந்து கிளைத்தவை என்ற கொள்கையை வளர்த்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதைவிடக் கொடியது, தொன்மையைப் பட்டாவாக நீட்டுவது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய போலிக் காணொளிகள் பலரை ஊருக்கு ஓடவைத்தன. வந்தவர், இருந்தவர் என்ற பேச்சு ஊறிய இடத்தில்தான் அப்படிப்பட்ட வதந்தி எளிதில் பற்றும். தெலுங்கு பேசும் குடும்பங்களும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களும் சேர்ந்து உழைக்கும் வடசென்னைக்கு இது நேரடி ஆபத்து.

வரலாறு பேசலாம், பேசவும் வேண்டும். எந்தச் சான்று கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று சொல்ல முடிந்தவரே ஆய்வு பேசுகிறார். இன்று இங்கே வாழும் உரிமையைத் தருவது சட்டமும் உழைப்பும். அந்த உரிமை யாருக்கு என்ற தீர்ப்பைப் பானை ஓட்டிடம் கேட்கக் கூடாது.