காட்டு நிழலுக்கு ஒரு பழைய வெள்ளை லென்ஸ்

கண்டிப் பக்கம் பறவைப் படம் எடுக்க இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை மில்லிமீற்றர் வேண்டும் என்றுதான். 600 போதுமா, 800 வாங்கலாமா என்று கடைக்காரரைக் குடைவார்கள். மடவளையில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு உதவாது. இங்கே பறவை தூரத்தில் இல்லை. குக்குறுவான் பலாமரத்தில் துளை போடுகிறது, தொங்கு கிளி கித்துல் பூவுக்கு வருகிறது, மாங்குயில் வேலிக்கு மேலால் போகிறது. இல்லாதது வெளிச்சம். பலா, கராம்பு, சாதிக்காய், கமுகு, மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி என்று அடுக்கடுக்காக எழும்பும் நமது வீட்டுத் தோட்டங்களுக்குள் சுபஹ் தொழுதுவிட்டு வெகுநேரம் கழித்துப் போனாலும் மங்கல்தான். மலைநாட்டு முகில் கவிந்துவிட்டால் பகல் பத்து மணிக்கும் அதே கதை.

அதனால்தான் 1999இல் வந்த ஒரு லென்ஸை இப்போது எடுத்து விமர்சிக்கிறேன். கெனன் இஎஃப் 300 மிமீ எஃப் 2.8 எல் ஐஎஸ் யுஎஸ்எம், முதல் தலைமுறை. நண்பரிடம் இரவல் வாங்கி, திருப்பிக் கேட்கும்வரை வைத்திருக்கிறேன். பொருத்தியிருப்பது கெனன் ஆர்7 கெமராவில், இடையே இஎஃப் லென்ஸை ஆர் கெமராவுக்கு மாற்றும் வளையம். ஆர்7இன் சென்சர் சிறியது என்பதால் 300 மிமீ இங்கே 480 மிமீ போலப் படம் காட்டும்.

எஃப் 2.8 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். 300ஐ 2.8ஆல் வகுத்தால் 107 மிமீ. ஒரு கையால் பிடித்து மூட முடியாத அகலத்தில் முன்கண்ணாடி வைத்தால்தான் இந்த லென்ஸ் சாத்தியம். பாரமும் விலையும் அங்கிருந்துதான் வருகின்றன. பலரும் வாங்கும் 150-600 வகை ஸூம் லென்ஸ்கள் நீண்ட முனையில் எஃப் 6.3. இரண்டுக்கும் இடையே வெளிச்சத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம். கெனனின் மலிவான 600 மிமீ எஃப் 11 லென்ஸோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்குக்கும் மேல்.

களத்தில் இது எப்படித் தெரியும்? உடவத்தக்கலேக் காட்டுக்குள் மூடிய மரங்களின் கீழே மர ஆந்தை ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். எஃப் 2.8இல் செக்கனில் 250இல் ஒரு பங்கு வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் இடம் அது. அதே வேகத்துக்கு எஃப் 6.3 லென்ஸ் ஐஎஸ்ஓ 16,000 கேட்கும். எஃப் 11 லென்ஸ் 50,000 அளவுக்குக் கேட்கும். ஆர்7இன் இயல்பான எல்லையோ 32,000தான். முதலாவதில் ஆந்தையின் மார்பு இறகின் கோடுகள் தனித்தனியாக நிற்கும். இரண்டாவதைக் கணினியில் நீண்ட நேரம் துடைத்தெடுக்க வேண்டும். மூன்றாவதில் ஆந்தை இருந்தது என்பதற்கு ஆதாரம் மட்டும் கிடைக்கும்.

தலதா மாளிகைக்குப் பின்னால் நூறு ஹெக்டயர் அளவில் இருக்கும் இந்தக் காடு 1938இல் சரணாலயமானது. நகரத்தை ஒட்டியே இருந்தாலும் படம் எடுக்கச் சிரமமான இடம். தரையையும் அடிமரங்களையும் மணி பிளான்ட் கொடி ஆக்கிரமித்துக் கிடக்கிறது. எண்ணெய் தடவியது போன்ற அந்த இலைகள் சிறு வெளிச்சத்தையும் திருப்பி அடித்துப் பின்னணியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக்கிவிடும். முழுத் துளையில் இந்த லென்ஸ் அந்தப் புள்ளிகளைக் கரைத்து ஒரே பச்சையாக்கிவிடுகிறது. மலிவான லென்ஸ்கள் இதே பின்னணியில் வளையம் வளையமாகக் கிறுக்கும்.

ஆனால் முழுத் துளைக்கு ஒரு வரி கட்டியே ஆகவேண்டும். ஆர்7இல் ஆறு மீற்றர் தூரத்துப் பறவைக்குக் கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ நாலு சென்ரிமீற்றர். தொங்கு கிளிக்கு அது போதும், மொத்தக் கிளியே சுமார் 13 சென்ரிமீற்றர்தான். சாம்பல் இருவாய்க் குருவி முகத்தை நம் பக்கம் திருப்பினால் கண் கூர்மையாகவும் அலகு நுனி புகையாகவும் வரும். பக்கவாட்டாகத் திரும்பும்வரை காத்திருப்பது ஒரு வழி, எஃப் 5.6க்கு மூடுவது இன்னொரு வழி. மூடினால், இந்தப் பாரத்தைச் சுமந்து வந்ததற்கு என்ன அர்த்தம் என்று தோள் கேட்கும்.

பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் 2,550 கிராம். கெமராவும் வளையமும் சேர்ந்தால் மூன்றேகால் கிலோ. கையில் பிடித்து எடுக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு. மொனோபொட் ஒன்று இருந்தால் நாள் முழுக்கச் சமாளிக்கலாம். ஓட்டோவிலோ வேனிலோ போகிறவர்களுக்கு அதைவிட நல்லது பயறு நிரப்பிய துணிப்பை. ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் அசையாது. மழையில் நனையவிட்டால் பயறு முளைத்துவிடும் என்பது மட்டும்தான் அதன் குறை. லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு அந்தக் காலத்தது, இரண்டு ஸ்டொப் அளவுக்கே உதவும் என்று கெனனே சொன்னது. ஆர்7இன் உடலுக்குள் உள்ள தடுப்பு சேர்ந்துகொள்வதால் இன்று அது பெரிய பிரச்சினை இல்லை.

வெள்ளை நிறம் அழகுக்காக இல்லை. உள்ளே ஒரு வில்லை ஃபுளோரைட் படிகத்தால் ஆனது. நிறங்கள் பிரிந்து ஓரங்களில் ஊதா நிழல் விழாமல் அது தடுக்கும். ஆனால் சூடேறினால் சாதாரணக் கண்ணாடியைவிட அதிகம் விரியும். அதற்காக வெயிலைத் திருப்பியடிக்கும் நிறம். கெனன் இந்தப் படிகத்தை முதன்முதல் ஒரு கெமரா லென்ஸில் வைத்தது 1969இல், அதுவும் ஒரு 300 மிமீதான். மீயொலி மோட்டாரை முதன்முதல் போட்டது 1987இன் 300 எஃப் 2.8இல். புதுச் சங்கதி எதையும் முதலில் இந்த அளவில் பரீட்சித்துப் பார்ப்பது அந்த நிறுவனத்தின் பழக்கம் போலும். நம் ஊரில் வெயிலைவிடக் குரங்குகளுக்காகவே அந்த வெள்ளையை மூட வேண்டியிருக்கிறது. பச்சைத் துணியில் தைத்த உறை ஒன்று போட்டேன். செங்குரங்குகள் வேடிக்கை பார்ப்பதை நிறுத்தின.

ஃபோகஸ் வேகத்தில் இந்தக் கிழவனைக் குறை சொல்ல இடமில்லை. பேராதனைப் பூங்காவின் பழந்தின்னி வௌவால்கள் பொழுது சாய்ந்ததும் மரங்களை விட்டுக் கிளம்பும். சிறகு விரித்தால் ஒரு மீற்றரைத் தாண்டும். மகாவலிக்கு அப்பால் கன்னொறுவப் பக்கம் நின்று, கருநீல வானத்தில் கறுப்பு உருவங்களாக வருகிறவற்றைப் பிடிப்பது எந்த லென்ஸுக்கும் சோதனைதான். எஃப் 6.3 ஸூம் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும் நேரத்தில் இது பிடித்துவிடுகிறது, பிடித்தால் விடுவதில்லை. கழுத்துப் பக்கம் உள்ள சுவிட்சை 6.4 மீற்றருக்கு அப்பால் என்று வைத்துக்கொண்டால் இன்னும் சுறுசுறுப்பு. ஒரு எச்சரிக்கை லென்ஸைப் பற்றியது அல்ல, கெமராவைப் பற்றியது. ஆர்7இல் சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டால் அடிக்கும் சிறகு வளைந்து கோணலாக வரும். பறக்கிறவற்றுக்குச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

300 மிமீ போதாது என்ற குறை வந்தே தீரும். 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் போட்டால் 420 எஃப் 4, இரண்டு மடங்கு போட்டால் 600 எஃப் 5.6. முதலாவதைக் கழற்றவே தேவையில்லை என்று தோன்றும் அளவுக்குத் தரம் இருக்கிறது. இரண்டாவது போட்டால் கூர்மையும் சற்று விழும், ஃபோகஸ் மோட்டாரும் மெதுவாகும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், துல்லியத்துக்காக வேகத்தைக் கால்வாசியாகக் குறைப்பது கெனனின் ஏற்பாடு. உட்கார்ந்திருக்கும் பறவைக்குச் சரி, பறக்கும் பறவைக்கு வேண்டாம்.

வத்தேகம, பன்வில தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலால் நக்கிள்ஸ் தொடங்குகிறது. 2000இல் பாதுகாப்புக் காடாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலைத்தொடர். அங்கே லென்ஸைவிடத் தோட்டத்து ஆட்களின் பேச்சு பெறுமதியானது. லயத்துப் பக்கம் கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் ஐயா, "தம்பி, அந்த அத்தி பழுத்திருக்குல்ல, அங்க போயி நில்லுங்க. தேடிப் போவாதீங்க, அதுவா வரும்" என்றார். இருவாய்க் குருவியும் மலையணிலும் வந்தன. எக்ஸ்டெண்டருக்கு வேலையே இருக்கவில்லை.

இந்த மலைத்தொடரில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணானுக்கும் இதே லென்ஸ்தான். இரண்டரை மீற்றருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது என்பதைக் குறையாக எழுதுவார்கள். அந்தத் தூரத்தில் ஆர்7இல் 17 சென்ரிமீற்றர் அகலக் காட்சி வருகிறது, ஓணானின் உடம்புக்கு அது தாராளம். மக்ரோ லென்ஸோடு போகிறவர்கள் மூக்கருகில் குனிந்து, நல்ல கிளை தேடி ஓணானைத் தூக்கி இடம் மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டரை மீற்றர் கட்டாயம் என்றால் அந்த ஆசையே வராது. செல்லப்பிராணி வியாபாரத்துக்குக் கடத்தப்படும் இனம் என்பதால் 2019இல் இதை அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தார்கள். படத்தைப் போடும்போது எந்தப் பாதை, எந்த மைல்கல் என்று எழுதாமல் விடுவது நல்லது.

தொலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்கு வேறொரு எதிரி வந்துவிட்டது என்ற பொய்த் தகவல். பறவையியலாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கலைக் காட்டில் கேட்ட ஓர் அடையாளம் தெரியாத குரலின் சொந்தக்காரரைக் கண்ணால் கண்டது 2001இல். செரண்டிப் ஆந்தை என்று உலகம் அறிந்தது 2004இல். அவ்வளவு பொறுமை நமக்கு வேண்டியதில்லை, ஒரு காலைப்பொழுதுக்காவது இருக்கலாம்.

இந்த லென்ஸ் தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் பிரச்சினை. நூறு மீற்றருக்கு அப்பால் பட்டமரத்தில் இருக்கும் கடற்கழுகு, இரண்டு மடங்கு எக்ஸ்டெண்டரோடும் சட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. அங்கே பாதி விலைக்கும் குறைந்த ஒரு 150-600 ஸூம், நெருக்கியும் விரித்தும் அதே வேலையை இன்னும் இலகுவாகச் செய்கிறது. பொல்கொல்லை அணைப் பக்கத்து நீர்க்காகங்களுக்கும் அதுவே. திறந்த நீர், வயல், வஸ்கமுவ போன்ற வறண்ட வலயக் காடு, இவைதான் உங்கள் களம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

விலைக்கு வருவோம். இதே கெனன் 2023இல் ஆர் கெமராக்களுக்கு 100-300 மிமீ எஃப் 2.8 ஸூம் ஒன்றை 9,499 டொலருக்கு வெளியிட்டது. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 28 இலட்சத்தைத் தாண்டும், வரிக்கு முன்பே. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை அனுபவித்த நாட்டில், புது லென்ஸ் கனவு காண்பதற்கும் துணிவு வேண்டும். முதல் தலைமுறை 300 அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குப் பழைய பொருளாகக் கிடைக்கிறது. கண்டியில் அதைத் தேட வேண்டிய இடம் காட்டுப் பக்கம் அல்ல, றகர் மைதானம். நித்தவெலையிலும் பல்லேகலையிலும் கோட்டோரம் நிற்கும் விளையாட்டுப் படப்பிடிப்பாளர்கள் புதிய கெமராவுக்கு மாறும்போது விற்கிறார்கள். வெளியுடல் உரசியிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. கண்டியின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸ் ஒரு மழைக்காலத்திலேயே சிலந்தி வலை போல நூல் விடத் தொடங்கும். வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்கண்ணாடி வழியே சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. ஓரத்தில் நூல் கண்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஃபுளோரைட் வில்லையில் ஏறிய பூஞ்சணத்தைத் துடைக்கத் தெரிந்தவர் அருகில் கிடைப்பது அரிது, வில்லையை மாற்றும் செலவு லென்ஸின் விலையைத் தொடும். பிறகு மோட்டாரைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஃபோகஸ் கிட்டவிருந்து எட்டப் போகும்போது கிறீச்சென்ற சத்தம் வந்தால் விட்டுவிட்டு வாருங்கள், இத்தனை வயதான லென்ஸுக்கு உதிரிப்பாகம் தேடித் திரிய முடியாது.

வாங்கிய பின் உலர் பெட்டி ஒன்று கட்டாயம், ஈரப்பதன் 40க்கும் 50க்கும் இடையே. மின்சாரப் பெட்டி வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் நிறைய இட்டு, நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்ப இடலாம். அரிசிக்குள் வைக்கச் சொல்லும் மாமாமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அரிசித் தூசி ஃபோகஸ் வளையத்துக்குள் போனால் பூஞ்சணத்தை விடப் பெரிய தலையிடி.