பங்காளி

தாராபுரத்து நண்பர் ஒருவர், கட்சிக்காரர், நல்ல வாசகரும்கூட, நேராகவே கேட்டுவிட்டார்: "கஞ்சிக்கு அல்லாடுகிறவன் இருக்கிற ஊரில் நாவல், நாட்டார் கதை, பண்பாடு என்று ஆராய்ந்துகொண்டிருப்பது வயிறு நிறைந்தவன் விடுகிற ஏப்பமல்லவா?"

1971-ல் வானம்பாடிகள் கோவையில் கிளம்பியபோதே இது புதிய கேள்வியல்ல. நம்மில் பலர் பண்பாடு என்று எழுதுவது ஏப்பம்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்விக்குள் ஒரு அனுமானம் பதுங்கியிருக்கிறது. அடித்தளத்தைச் சரிசெய்துவிட்டால் மேற்கட்டுமானம் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற அனுமானம். நண்பரின் வட்டாரத்து நாவல் ஒன்றே இதை மறுக்கிறது.

கீரனூர் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. வட்டார நாவல் என்று முத்திரை குத்தி, பேச்சுவழக்கைப் பாராட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். அதன் விஷயம் பேச்சுவழக்கல்ல, பங்கு. கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பாகம் கேட்கிறாள். அவளைத் தூண்டுகிறவர்களுக்குச் சொந்தக் கணக்குகள் உண்டு. ஆசிரியர் அதை மறைக்கவில்லை. விவகாரம் கொலையில் முடிகிறது. இந்து விதவைக்குக் கணவனின் பங்கில் உரிமை தந்த சட்டம் 1937-ல் வந்தது. மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. மறு வருஷம் நாவல். சண்முகசுந்தரம் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தீர்ப்பு ஊரில் ஏற்கெனவே இருந்தது, 'பங்காளி' என்ற சொல்லில். பங்காளியின் மனைவி உண்டு, மகள் உண்டு; பங்காளி என்று ஒருத்தி கிடையாது.

அண்ணன்மார் கதையும் பங்காளிப் பகையின் கதையே. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தார். 1982-ல் அதைப்பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். பாடியவனுக்கு என்ன ஆயிற்று என்பார் நண்பர். நியாயம்தான். பாடியவன் வாசிக்க முடியாத மொழியில் அவன் பாட்டைப்பற்றிய புத்தகம் வருவது கூச்சம் தருகிற விஷயம். ஆனாலும் அக்கதையில் சாம்புகன் இருக்கிறான். வீரத்தில் அண்ணன்மாருக்குக் குறைந்தவனல்ல. அவர்களோடு அவனையும் கும்பிடுகிறார்கள். நிலத்தில் மட்டும் பங்கில்லை. பண்ணையாளைத் தெய்வமாக்கக்கூட மனமிருக்கிறது, பங்காளியாக்க இல்லை. வறுமை எத்தனை பேருக்கு என்று தாலுகா ஆபீஸ் கணக்குச் சொல்லும். யாருக்கு, எந்த வழியாக என்பது இம்மாதிரி இடங்களில்தான் எழுதிக் கிடக்கிறது. ('நாகம்மா'ளிலும் நிலமற்றவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அது சண்முகசுந்தரத்தின் எல்லை.)

1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. மணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு. 2005-ல் மத்தியச் சட்டம் மணமானவர்களுக்கும் அதை விரித்தது. பிறகும் விடுதலைப் பத்திரங்களில் தங்கைகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பங்கை வாங்கிக்கொண்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபட்டுவிடும். பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான். நிலவுடைமைதான் அடித்தளம் என்றால், அதை ஒரு சீர்த்தட்டு மாற்றி எழுதிவிடுகிறது.

இதை நண்பரிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு தங்கைகள். கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டு, அமராவதியில் தண்ணீர் திறந்தாயிற்றா என்று விசாரித்தார்.