ரசீதும் சரித்திரமும்

ஓர் ஊரின் சரித்திரத்தைக் காப்பாற்றுவது நம்மிடையே தர்ம காரியமாகவே பாவிக்கப்படுகிறது. கும்பாபிஷேகத்துக்கு எழுதுவதுபோல ஒரு தொகையை எழுதுகிறோம். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம். அத்தோடு நம் சரித்திரப் பிரக்ஞை முற்றுப்பெறுகிறது. நானும் அப்படியொரு ரசீது வைத்திருப்பவன்தான்.

அரவேணுவிலிருந்து கோத்தகிரி போய், அங்கிருந்து கன்னேரிமுக்கு சென்றால் பெத்தக்கல் பங்களா. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு. சிதிலமாய்க் கிடந்ததை 2002இல் புதுப்பித்து நினைவகமாக்கினார்கள். தர்மலிங்கம் வேணுகோபாலின் பெயரோடு சேர்த்து அறியப்படும் நீலகிரி ஆவண மையத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. பழைய புகைப்படங்களையும் குறிப்புகளையும் தேடிச் சேர்ப்பது லேசான காரியமல்ல.

வெள்ளைக்காரன் வீட்டைக் காப்பாற்றுவதா சரித்திரம், மலையின் ஆயுள் 1819இலா தொடங்குகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது சோம்பேறித்தனம். அரவேணுப் பக்கத்து அருவியைக் காப்பித் தோட்டக்காரர் காக்பர்னின் மனைவி பெயரால் கேத்தரின் என்கிறோம். ஹள்ளா என்று முடியும் அதன் படகுப் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். நிலம் தோடர்களுடையது என்று அதே சல்லிவன் சென்னை அரசோடு வாதாடியதும் பழைய காகிதங்கள் பிழைத்திருப்பதால்தான் தெரியவருகிறது. 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் கோத்தர் கதைகளை எழுதிக்கொண்டார். அவை 1944–46இல் நூலாக வந்தன. பெரும்பாலும் சுள்ளி என்ற ஒரே கோத்தரின் ஞாபகத்திலிருந்து வந்தவை அவை. சல்லிவனைத் தெரிந்த நமக்குச் சுள்ளியைத் தெரியாது. குறை நினைவகத்தினுடையதா, நம்முடையதா?

வங்கிக் கௌண்டரில் உட்காருபவனுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். நன்கொடை கொடுத்தவன் கணக்குக் கேட்பதில்லை. டெபாசிட் போட்டவன் கேட்பான். வட்டி ஒரு ரூபாய் குறைந்தாலும் வரிசையை விலக்கிக்கொண்டு வருவான். சரித்திர அமைப்புகளுக்கு நாம் நன்கொடை தருகிறோம், டெபாசிட் போடுவதில்லை. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் நமக்கில்லை.

இவ்வளவு தெளிவோடு என் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியா ஏற்க ஒத்துக்கொண்ட 5,25,000 பேரில் என் தாத்தாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் திட்டத்தின் கோத்தகிரித் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். பெட்டியில் அவர் பாஸ்போர்ட்டும் முகாமில் தந்த குடும்ப அட்டையும் இருந்தன. நினைவகத்துச் சுவரில் தாத்தாவைத் தேடி ஏமாந்தவன் நான். கொடுக்காததை எப்படித் தொங்கவிடுவார்கள்? எடுத்துப் போகலாமென்று நினைத்தேன்.

அப்பாயி விடவில்லை. “நாளைக்கு எவனாச்சும் வந்து நீ எந்த ஊரு ஆளுன்னு கேட்டா எதைத் தம்பி காட்டுறது?” என்றாள்.

என் விமர்சன தோரணையெல்லாம் அங்கே நின்றுபோயிற்று. எனக்குச் சரித்திரமாகிவிட்ட காகிதம் அவளுக்கு இன்னும் அத்தாட்சி. படகர் ஹட்டியிலோ குறும்பர் வீட்டிலோ மடித்து வைத்திருக்கும் பட்டாவுக்கும் இதே கதிதான் இருக்க வேண்டும். பயம் தீராதவர்களிடம் போய் ஆவணத்தைக் கொடு என்று கேட்பதில் ஒரு வன்முறை இருக்கிறது.

ஆக, ஊர்ச் சரித்திர அமைப்பு செய்யவேண்டிய மக்கள் பணி எனக்குத் தெரிந்து இதுதான். வீடு வீடாகப் போகவேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, உடையவர் கண்ணெதிரிலேயே படமெடுத்து, காகிதத்தை அவர் கையிலேயே திருப்பித் தரவேண்டும். படத்தின் கீழே கலெக்டர் பெயரை எழுதும் அதே அக்கறையோடு கொடுத்தவர் பெயரை எழுதவேண்டும். இதற்கு நம் பணத்தைவிட ஞாயிற்றுக்கிழமைகள்தான் அதிகம் தேவைப்படும்.

போன ஞாயிறு அப்பாயியையும் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மிஷினிலிருந்து பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரிஜினல் பெட்டிக்கே போய்விட்டது. நகலின் பின்புறம் தன் பெயரைப் போடச் சொன்னாள். போட்டேன். இந்த முறை ரசீது கேட்பதாக இருக்கிறேன், அவள் பெயருக்கு.