ஒரே கிளாஸ்: டெல்டாவின் தேநீர் மரபும் தரமும்

வேதாரண்யத்தில் உப்பு விளையும். கொஞ்சம் மேற்கே போனால் நெல் விளையும். தேயிலை விளையாது. ஆனாலும் விடியுமுன் இங்கே கண் விழிப்பது டீக்கடைதான். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போகிறவர், கடலுக்குப் போய்த் திரும்பியவர், முதல் பஸ்ஸுக்கு வந்தவர் என்று எல்லாரும் ஒரு கிளாஸைக் கையில் ஏந்திச் சற்று நிற்கிறார்கள். அன்றைய பாடு தொடங்குமுன் கிடைக்கும் அந்த நிம்மதி ஒரு சடங்கு. அதற்கு மரபும் உண்டு, தரமும் உண்டு.

டெல்டாவில் பேர் பெற்றது காப்பி மரபு. தண்ணீர் கலக்காத பசும்பால், பில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன், பித்தளை டபரா: கும்பகோணம் டிகிரி காப்பியின் இலக்கணம் இது. காப்பி வீட்டுக் கூடத்தில் வளர்ந்தது. டீ தெருவில் வளர்ந்தது.

தெருவின் மரபு பாய்லர் டீ. செம்புப் பாய்லரின் நடுவே கரி கனலும். துணி வடிகட்டியில் டஸ்ட் தூளைப் போட்டு, மாஸ்டர் கொதிநீர் விட்டு டிகாக்‌ஷன் இறக்குவார். கிளாஸில் சர்க்கரையும் பாலும் விழுந்தபின் டிகாக்‌ஷன் சேரும். ஸ்ட்ராங்கா லைட்டா என்று வாடிக்கைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. முகம் பார்த்தே கை அளக்கும். உயரத் தூக்கி ஆற்றும்போது சூடு பதமாகிறது, நுரை கட்டுகிறது. டீயின் துவர்ப்பைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதால் நாக்குக்கு இதமாகிறது. சக்கையிலேயே திரும்பத் திரும்ப வெந்நீர் விட்டால் நிறம் வரும், மணம் வராது. நல்ல மாஸ்டர் தூளை மாற்றத் தயங்கமாட்டார்.

கடலுக்கு அக்கரையில் இருப்பது தேத்தண்ணி மரபு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து போன நம்மவர்கள். அங்கே பாலில்லாத பிளேன்டீயும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் போதும். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு நீலகிரியில் வளர்த்த தோட்டங்களிலிருந்து உருவானதே அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ.

இன்னும் தொலைவில், ஜப்பானில், சென் நோ ரிக்யூ (1522–1591) தேநீரைத் தவமாக்கினார். இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி என்பவை அந்த மரபின் நான்கு நெறிகள். தேநீர்க் குடிலின் வாசல் மிகச் சிறியது. வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனால் ஏற்றத்தாழ்வு இல்லை.

நம் டீக்கடை இந்தப் பாடத்தைப் போராடித்தான் கற்றது. கீழத்தஞ்சையில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரருக்குக் கொட்டாங்கச்சியோ தகரக் குவளையோ என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பெஞ்சில் உட்காரவும் அவர்களுக்கு உரிமையில்லை. கடைகளிலும் உணவகங்களிலும் எவரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்றது அரசமைப்பின் 15(2) பிரிவு. தனிக் குவளையை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. அந்தச் சட்டத்துக்குக் கடைக்குள் வழி திறந்தவர்கள் பி. சீனிவாசராவ் போன்றோர் திரட்டிய விவசாயத் தொழிலாளர்களும், திராவிட, தலித் இயக்கங்களுமே. சிலருக்கு மட்டும் பேப்பர் கப் நீட்டப்பட்டால், அது இரட்டைக் குவளையின் புது வேஷம்.

விருந்தோம்பலுக்கு இந்த மண் ஏற்கெனவே ஒரு தரத்தை நிறுவியிருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் உப்பு யாத்திரை திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி வந்தது. தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று எச்சரித்தார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்தார்கள்.

ஆகவே ஒரு டீக்கடையின் தரத்தை அறிய வேண்டுமானால், முதலில் கிளாஸ் கழுவும் இடத்தைப் பாருங்கள். குடித்த கிளாஸ்கள் அத்தனையும் ஒரே தொட்டியில் விழுந்து, அடுத்து வருகிறவர் யாரானாலும் அவர் கைக்குப் போகின்றனவா? பெஞ்சில் யாருக்கும் இடம் உண்டா? இவை சரியென்றால் தூளையும் பாலையும் பிறகு பேசலாம். பக்கத்தில் இருப்பவரைத் தள்ளி வைத்துவிட்டுக் குடிக்கும் டீயில் எவருக்கும் அமைதி கிடைக்காது.