திரைத்தழுவல்களில் ஜெக்கில் – ஹைட்: தேர்வும் மரபுவழியும்

இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில் – ஹைட் குறுநாவல், ஒருவருக்குள் உறையும் இருவரைப் பற்றிய கதையாகவே பொதுவாக மதிப்பிடப்படுகிறது. எனினும் அதன் அறச்சிக்கல் இருமையில் இல்லை. அதனை ஜெக்கில் விரும்பி மேற்கொண்டதிலேயே உள்ளது. நற்பெயர் கெடாமல் இன்பம் துய்க்கவே அவர் மருந்தை ஆக்கி அருந்துகிறார். பின்னர் மருந்தின்றியே ஹைட் வெளிப்படுகிறான்; பழைய உருவை மீட்கவே மருந்து தேவைப்படுகிறது.

மமூலியன் இயக்கிய 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் ஜெக்கில் கண்ணாடி முன் நின்று தம் கையாலேயே அருந்துகிறார். அண்மைக்காலத் தொலைக்காட்சித் தழுவல்களோ, தன்வயம் இழந்த பிற்பகுதியையே தொடக்கமாகக் கொள்கின்றன. ஸ்டீவன் மொஃபட் எழுதிய பிபிசி தொடரில் (2007) டாம் ஜாக்மனுக்கு மாற்றம் வழிவழியாக வந்தது, மருந்துக்கு இடமில்லை. சார்லி ஹிக்சன் உருவாக்கிய ஐடிவி தொடரில் (2015) இலங்கையில் வளர்ந்த பெயரன் இராபர்ட், ஹைட்டை அடக்கவே மாத்திரை உட்கொள்கிறான்.

இதனால் தழுவல்கள் பெறுவதும் உண்டு. தனியராக வாழ்ந்த மூலநூல் ஜெக்கிலுக்கு மாறாக, ஜாக்மன் மனைவி மக்களைத் தன்னிடமிருந்தே காக்கப் போராடுகிறார். இது கதைக்குப் புதிய உணர்வாழம் தருகிறது. ஆயின் பிறப்பால் வந்ததற்கு எவரும் பொறுப்பாவதில்லை. பார்வையாளர் இரங்குகின்றனரேயன்றித் தம்மை வினவிக்கொள்வதில்லை. களமும் காலமும் மாறுவது புதுப்பித்தல் எனலாம். தேர்வு நீங்குவதோ மூலத்தின் மையவினாவைக் கைவிடுவதாகும்.